நாம் தேர்ந்தெடுக்கிற பலியும் அவர் கேட்கிற கீழ்ப்படிதலும்

தேவனுக்கு முதலிடம் கொடுக்க வேண்டும் என்று பிரசங்கத்தில் கேட்கும்போது ஆமென் சொல்வது எளிது. திங்கட்கிழமை காலையில் மெஷின்களுக்குச் சுவிட்சைப் போட்ட பிறகு அந்த முதலிடத்தை எங்கே, எப்படிக் கொடுப்பது என்பதுதான் கஷ்டம். நானும் என் வீட்டுக்காரரும் மும்பை தாராவியில் சின்னதாக ஒரு தையல் பட்டறை வைத்திருக்கிறோம். இங்கே அதைக் காலா என்பார்கள். பள்ளி யூனிஃபார்ம்தான் முக்கிய வேலை. எனக்குச் சொந்த ஊர் மெஞ்ஞானபுரம் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்தவள். சபையில் புதிதாகக் குடும்பம் நடத்தத் தொடங்கிய பெண்கள் கேட்கிற கேள்விகளுக்கு இதுவரை வாயால் சொல்லி வந்ததை இப்போது எழுதி வைக்கிறேன்.

இத்தனை வருஷத்தில் எனக்குப் புரிந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பலி கொடுப்பதைவிடக் கீழ்ப்படிவது கஷ்டம். எந்த நாள் உபவாசம், எவ்வளவு காணிக்கை, எந்தக் கூட்டத்துக்குப் போவது என்பதையெல்லாம் நாமே முடிவு செய்துகொள்ளலாம். கீழ்ப்படிதலில் அந்த வசதி கிடையாது. அங்கே கேட்கிறவர் அவர். நாம் கொடுக்கத் தயாராக எடுத்து வைத்திருப்பதை அவர் பெரும்பாலும் கேட்பதில்லை. நாம் பேச்செடுக்காமல் தள்ளி வைத்திருப்பதைத்தான் கேட்கிறார்.

ஒன்று சாமுவேல் 15-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். அமலேக்கியருடையது எதையும் மிச்சம் வைக்காதே என்பது இஸ்ரவேலின் ராஜா சவுலுக்குக் கொடுக்கப்பட்ட கட்டளை. அவன் போருக்குப் போனான், ஜெயித்தான். ஆனால் ஆடுமாடுகளில் நல்லதாகப் பார்த்துத் தப்பவிட்டான். என் காதில் விழுகிற இந்த ஆடுகளின் சத்தம் என்ன என்று சாமுவேல் தீர்க்கதரிசி கேட்டபோது, கர்த்தருக்குப் பலியிடத்தான் ஜனங்கள் வைத்திருக்கிறார்கள் என்று பதில் சொன்னான். கேட்பதற்கு எவ்வளவு பக்தியான காரணம்! அதற்குச் சாமுவேல் சொன்னது நமக்கெல்லாம் சின்ன வயதிலிருந்தே மனப்பாடம்: "பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதலும், ஆட்டுக்கடாக்களின் நிணத்தைப்பார்க்கிலும் செவிகொடுத்தலும் உத்தமம்." கொள்ளையில் வந்த ஆட்டைப் பலியிட்டால் சவுலுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. வசனத்தை ஒப்புவிக்கிற நாம் அதைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுகிறோம்.

நஷ்டமில்லாத காணிக்கை எப்படி இருக்கும், நஷ்டமுள்ள காணிக்கை எப்படி இருக்கும் என்பதை நான் கற்றுக்கொண்டது என் அம்மாவின் அடுப்படியில். எங்கள் பக்கத்துச் சபைகளில் பிடியரிசிக் காணிக்கை என்று ஒன்று உண்டு. சோறு பொங்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே போட்டு வைத்து, சேர்ந்ததும் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அம்மா எப்படி எடுப்பாள் என்பது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. முதலில் அன்றைக்கு வீட்டில் எத்தனை பேர் என்று பார்த்து, உழக்கால் அளந்து முறத்தில் கொட்டுவாள். கல் பொறுக்கிப் புடைத்து முடித்த பிறகு, அந்தச் சுத்தமான அரிசியிலிருந்துதான் ஒரு பிடி அள்ளி டின்னில் போடுவாள். மூட்டையிலிருந்து நேரே ஒரு பிடி எடுத்துப் போட்டால் என்ன அம்மா என்று ஒரு நாள் கேட்டேன். "மூட்டையில இருந்து எடுத்தா யாருக்கும் தெரியாது. அளந்ததுல இருந்து எடுத்தாத்தான் நம்ம வயித்துல இருந்து போகும்" என்றாள். எடுத்த பிடிக்கு ஈடாக மறுபடி அளந்து போட்டதே இல்லை. அன்றைக்கு ஒரு பிடி குறைவாகத்தான் பொங்கும். அந்தக் குறைவு பெரும்பாலும் அவளுடைய தட்டில் விழும்.

இந்தப் பிடியரிசியைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் வெள்ளாளன்விளை இருக்கிறது. 1874-இல் அங்கே பிறந்த அசரியா, 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரிச் சங்கம் தொடங்கக் காரணமாக இருந்தவர்களில் முக்கியமானவர். வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல் நம்முடைய காசில், நம்முடைய ஆட்களையே அனுப்ப வேண்டும் என்பது அவர்களுடைய தீர்மானம். அனுப்பியதோடு நிற்காமல், ஒய்.எம்.சி.ஏ. என்கிற கிறிஸ்தவ வாலிபர் சங்கப் பொறுப்பை விட்டுவிட்டு 1909-இல் அவரே தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குப் போனார். 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். இப்படிப்பட்ட ஊழியங்களைத் தாங்கியதில் எங்கள் பக்கத்துப் பெண்களின் அரிசிக்கும் பங்கு உண்டு. அதை நினைக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

சாறிபாத் ஊர் விதவையிடம் எலியா தீர்க்கதரிசி கேட்டதும் இதே வகைதான். பானையில் ஒரு பிடி மாவும் கலசத்தில் கொஞ்சம் எண்ணெயும் மட்டும் வைத்திருந்தவளிடம், முதலில் எனக்கு ஒரு சிறிய அடையைப் பண்ணிக் கொண்டுவா, பின்பு உனக்கும் உன் மகனுக்கும் பண்ணலாம் என்றார். மிச்சமிருந்தால் கொடு என்று கேட்கவில்லை.

மும்பைக்கு வந்ததும் பிடியரிசி எனக்குக் காணிக்கைக் கவராக மாறியது. பட்டறைக் கணக்கில் அது அவ்வளவு எளிதில்லை. மாதச் சம்பளக்காரருக்கு ஒன்றாம் தேதி எடுத்து வைத்தால் முடிந்தது. எங்களுக்கு வியாபாரியிடமிருந்து பணம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது; சரக்கு போய் ஒரு மாதமும் ஆகும், இரண்டும் ஆகும். நடுவில் சனிக்கிழமைதோறும் காரிகர்களுக்கு, அதாவது பட்டறைத் தொழிலாளிகளுக்கு, கர்ச்சி கொடுத்தாக வேண்டும். அது அவர்களுடைய வாரச் செலவுப் பணம். கணக்கு பிறகு நேராகும். பணம் வந்தால் முதலில் காணிக்கையா, முதலில் கூலியா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. முதலில் கூலி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம்மட்டும் உன்னிடத்தில் தங்கக்கூடாது என்று லேவியராகமம் சொல்கிறது. பிடித்து வைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதுகிறார். காரிகருடைய பணம் என் கையில் இருக்கும்போது அது என்னுடையது ஆகாது. என்னுடையது அல்லாததில் முதற்பலன் எடுப்பது எப்படிப் பலியாகும்? கூலியைக் கொடுத்து, நூல், பட்டன், கரண்ட் பில், வாடகை எல்லாம் போக எங்கள் வீட்டுக்கு என்று வருகிறதே, அதில்தான் முதலாவது எடுக்கிறோம். ரேஷனுக்கும் சீட்டுக்கும் பிரிப்பதற்கு முன்னால், அன்றைக்கே. நாளைக்கு என்று தள்ளினால் நாளைக்கு அந்தப் பணத்துக்கு வேறு பெயர் வந்துவிடும்.

அப்புறம் துணி. தையல் தொழிலில் இருப்பவர்களுக்கு இது உடனே புரியும். வியாபாரி தான்களை, அதாவது முழுத் துணிச் சுருள்களை, அனுப்பி, இத்தனை மீட்டருக்கு இத்தனை பீஸ் வர வேண்டும் என்று கணக்குக் கொடுப்பார். கட்டிங் டேபிளில் துணியை அடுக்கடுக்காக விரித்து, பேட்டர்னை நெருக்கி வைத்து வெட்டினால், கெட்டிக்கார மாஸ்டருக்குத் தானுக்குக் கொஞ்சம் துணி மிஞ்சும். மிஞ்சியது பட்டறைக்காரனுக்கு என்பது இங்கே பல இடங்களில் எழுதப்படாத வழக்கம். சின்ன பிள்ளைகளுக்கு டிரவுசர், தலையணை உறை என்று தைத்துத் தெருவில் விற்றுவிடலாம். என் வீட்டுக்காரரே கட்டிங் மாஸ்டர். காலா போட்ட நாளிலிருந்து அவர் ஒரு நீளமான நோட்டில் மிச்சத் துணியை மீட்டரும் அங்குலமுமாக எழுதி, சரக்கோடு சுருட்டித் திருப்பி அனுப்புகிறார். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்" என்ற வசனத்தைத் தவிர வேறு விளக்கம் அவர் சொன்னதில்லை. இந்தத் துணியை விற்றுக் கட்டடக் காணிக்கைக்குக் கொடுக்கலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். அது சவுலுடைய ஆடு.

அதிகம் எழுத வேண்டியது ஞாயிற்றுக்கிழமை விஷயம். ஏனென்றால் அதில்தான் எங்களுக்கு வலித்தது.

யூனிஃபார்ம் வேலையில் ஏப்ரலும் மே மாதமும் இரவு பகல் தெரியாது. ஜூன் நடுவில் பள்ளி திறந்துவிடும். அதற்கு முன்னால் சரக்கு கடைக்குப் போயாக வேண்டும். சீசனில் ஞாயிறும் மெஷின் ஓடும், தாராவி முழுக்க அப்படித்தான். நாங்கள் ஞாயிறு காலாவைத் திறப்பதில்லை என்று தீர்மானித்தோம். சபைக்குப் போய்விட்டு வந்து மத்தியானம் திறக்கலாமே என்ற பேச்சும் வீட்டுக்குள் நடந்தது. அது பாதி நாளைக் கர்த்தருக்கும் மீதியை எங்களுக்கு ஆர்டர் தருகிற வியாபாரி சேட்டுக்கும் பங்கு போடுவதாக எங்கள் இருவருக்கும் பட்டது. வேறு குடும்பங்கள் வேறு விதமாக முடிவெடுக்கலாம். நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். எங்களுக்குக் கேட்டது இது.

தீர்மானத்தைச் சொன்ன அன்றைக்கு ஓவர்லாக் மெஷினில் இருந்த காரிகர், பீகார்க்காரர், வயதில் எங்களைவிடப் பெரியவர், மெதுவாகக் கேட்டார்: "பாபி (அண்ணி), உங்க கடவுளுக்காக நீங்க மூடுறீங்க, நல்லது. ஆனா எனக்குப் பீஸ் ரேட். அன்னிக்கு நான் என்ன அனுப்புவேன் வீட்டுக்கு?"

எனக்கு அந்தக் கேள்வி பெரிய உபகாரமாயிற்று. ஓய்வுநாள் கட்டளையை உபாகமம் 5-ஆம் அதிகாரத்தில் வாசித்தால், உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும் என்பதே காரணமாகச் சொல்லப்பட்டிருக்கும். நீங்களும் எகிப்தில் அடிமைகளாயிருந்தீர்கள் என்று ஞாபகப்படுத்திவிட்டுத்தான் அந்தக் கட்டளை முடிகிறது. என் ஓய்வுக்கு அவருடைய கூலியை எடுத்து விலை கொடுத்தால், பலி கொடுத்தது அவர். பெயர் வாங்கியது நான். தாவீது அர்வனாவின் களத்தில் செய்ததை அன்றைக்கு இரவு இருவரும் வாசித்தோம். களம், மாடு, விறகு எல்லாவற்றையும் இலவசமாக எடுத்துக்கொள்ளச் சொல்லி அர்வனா வேண்டியும், எனக்குச் செலவில்லாமல் என் தேவனுக்குப் பலி செலுத்தமாட்டேன் என்று 50 சேக்கல் வெள்ளி எடுத்துக் கொடுத்தான் தாவீது. ஆகவே சீசனில் மூடுகிற ஞாயிற்றுக்கிழமைக்குக் காரிகர்களுக்கு ஒரு கணக்குப் போட்டு எங்கள் கையிலிருந்து கொடுக்கத் தொடங்கினோம். சாப்பாடும் எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் போகிறவர்களுக்கு அந்த நேரத்தை வெட்டுவதில்லை. நம்முடைய நாளுக்கு மரியாதை கேட்கிறவர்கள் அவர்களுடைய நாளுக்கும் கொடுக்க வேண்டும் அல்லவா?

சேட் ஒத்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமை இரவு எவ்வளவு நேரமானாலும் ஓட்டித் தருகிறோம், ஞாயிறு மட்டும் கேட்காதீர்கள் என்று என் வீட்டுக்காரர் நேரில் போய்ச் சொன்னார். அந்த சீசனில் பாதி ஆர்டர் வேறு பட்டறைக்குப் போனது. அடுத்த சீசனில் அவர் கூப்பிடவே இல்லை. மகளை நர்சிங் படிப்பில் சேர்க்கிற வருஷம் அது. என் நகை அடகுக்குப் போனது. மூழ்காமல் மீட்டோம், இரண்டு வளையல் தவிர.

சபையில் சாட்சி சொல்லும்போது, அதன்பின் கர்த்தர் இரட்டிப்பாகத் தந்தார் என்று முடிப்பதைக் கேட்டுப் பழகிவிட்டோம். சிலருக்கு அப்படி நடக்கிறது, அதற்காக ஸ்தோத்திரம். எங்களுக்கு நடக்கவில்லை. அந்தச் சேட் திரும்பி வரவில்லை, அந்த அளவு ஆர்டர் இன்னொருவரிடமிருந்தும் வரவில்லை. சின்னச் சின்ன வியாபாரிகள் வந்தார்கள், சாப்பிட்டோம், உடுத்தினோம், மகள் படித்து முடித்தாள். முதலாவது தேவனுடைய ராஜ்யத்தைத் தேடுங்கள் என்கிற வசனத்தில் "இவைகளெல்லாம் உங்களுக்குக் கூடக் கொடுக்கப்படும்" என்று இருக்கிறதே, எவைகளெல்லாம் என்று இரண்டு வசனம் மேலே போய்ப் பார்த்தால் தெரியும்: என்னத்தை உண்போம், என்னத்தைக் குடிப்போம், என்னத்தை உடுப்போம். நவி மும்பையில் சொந்த ஃபிளாட் அந்தப் பட்டியலில் இல்லை. சொன்னதை அவர் எங்களுக்குக் குறைவில்லாமல் செய்திருக்கிறார். அக்கினிச் சூளைக்கு முன்னால் நின்ற அந்த மூன்று வாலிபரும், எங்கள் தேவன் விடுவிக்க வல்லவர், விடுவிக்காமற்போனாலும் ராஜாவின் பொற்சிலையை வணங்கமாட்டோம் என்றார்கள். இளம் பிள்ளைகளுக்கு அந்த இரண்டாவது பாதியையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள் என்று நான் கெஞ்சிக் கேட்கிறேன். முதல் பாதியை மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், கொடுத்தது திரும்பி வராதபோது விசுவாசத்தையே விட்டுவிடுகிறார்கள். அப்படிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தேவனுக்கு முதலிடம் என்ற பேச்சு வீட்டுக் கடமையிலிருந்து தப்பிக்கும் வழியாகிவிடவும் கூடும். எங்கள் ஐக்கியத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரு தம்பி ஐரோலியில் நல்ல வேலையில் இருந்தான். சம்பளத்தில் பெரும்பங்கை ஊழியங்களுக்குக் கொடுப்பான். எல்லோரும் மெச்சினார்கள். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ஊரில் அப்பாவுக்குச் சர்க்கரை, காலில் புண் ஆறவில்லை, அம்மா பணம் கேட்டு நச்சரிக்கிறாள், விசுவாசம் குறைவு என்றான். என் வீட்டுக்காரர் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "தம்பி, மாற்கு ஏழாம் அதிகாரம் எடு" என்றார். கொர்பான் பற்றிய இடம் அது. பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதைத் தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிவிட்டால் கொடுக்க வேண்டாம் என்று அந்தக் காலத்தில் ஒரு பாரம்பரியம் இருந்தது. அதனால் தேவவசனத்தையே அவமாக்குகிறீர்கள் என்று இயேசு கண்டித்தார். அவன் வாசித்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு இரண்டு மூன்று மாதம் ஊழியங்களுக்கு அனுப்புவதைக் குறைத்துவிட்டு அப்பாவைப் பாளையங்கோட்டையில் வைத்து வைத்தியம் பார்த்தான். சிலர் அவன் பின்வாங்கிவிட்டான் என்றார்கள். எனக்கு அவன் அப்போதுதான் முன்னேறினான் என்று தோன்றியது. சிலுவையில் தொங்கிக்கொண்டிருந்தபோதும் தம்முடைய தாயை ஒரு சீஷனிடம் ஒப்படைத்தவரையல்லவா நாம் பின்பற்றுகிறோம்?

மத்தேயு 5-இல் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய், "முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து உன் காணிக்கையைச் செலுத்து" என்று இருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கலிலேயாவில் இருந்தார்கள், பலிபீடம் எருசலேமில். காணிக்கையை அங்கே வைத்துவிட்டு ஊருக்கு வந்து, சமாதானமாகி, மறுபடி போவதென்றால் பல நாள் நடை. எங்களுக்கு அது நாகர்கோவில் எக்ஸ்பிரஸ். ஊரில் இருந்த குடும்ப வீட்டு மனையில் என் கொழுந்தனோடு வழக்கு இருந்தது. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் லெந்து காலத்தில் என் வீட்டுக்காரர் ஒரு வேளை சாப்பாட்டை விட்டு உபவாசம் இருப்பார். அந்த நாட்களில்தான் இந்த வசனம் அவரை விடாமல் பிடித்துக்கொண்டது. நாற்பது நாள் பட்டினி எனக்குச் சுலபம், தம்பிக்கு ஒரு போன் போடுவதுதான் முடியவில்லை என்று என்னிடம் சொன்னார். யார் பேரில் நியாயம் என்று அந்த வசனம் கேட்பதே இல்லை. உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால் போ என்கிறது, அவ்வளவுதான். போன் போட்டார். கொழுந்தன் எடுத்துவிட்டு வைத்துவிட்டான். அடுத்த அசனப் பண்டிகைக்கு, சபையார் கூடி விருந்துண்ணும் நாளுக்கு, ஊருக்குப் போய், நேரே அவன் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தோம். மனையில் எங்கள் பங்கை விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் வந்தோம். அது சரியா என்று சொந்தக்காரர்கள் இன்றும் கேட்கிறார்கள். எல்லோரும் சொத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அநியாயத்தை எதிர்த்து நிற்பதும் சில இடத்தில் கீழ்ப்படிதல்தான், முக்கியமாகப் பெண்பிள்ளைகளுடைய பங்கு விஷயத்தில். எங்கள் காரியத்தில் வழக்கு நடந்தால் உறவு மிஞ்சாது என்பது தெளிவாக இருந்தது.

2020 மார்ச் மாதம் 25-ஆம் தேதி ஊரடங்கு வந்தபோது ஊருக்குப் போக முடியாத காரிகர்கள் காலாவின் மேல் தட்டிலேயே தங்கிவிட்டார்கள். ஆலயம் பூட்டிக்கிடந்தது. காணிக்கைக் கவரில் பணம் இருந்தது; அரிசி வாங்கக் கையில் பணம் இல்லை. கர்த்தருடையது என்று எடுத்து வைத்ததைத் தொடலாமா என்று எனக்குத் தடுமாற்றம். பாஸ்டருக்குப் போன் செய்து கேட்டேன். "பலியையல்ல இரக்கத்தையே விரும்புகிறேன் என்பதின் கருத்து என்னன்னு போய்க் கத்துக்கோங்கன்னு இயேசுவே சொல்லியிருக்காரே, அம்மா. உங்க காணிக்கை சபைக்கு வந்து சேர்ந்துடுச்சுன்னு நினைச்சுக்கோங்க" என்றார். அரிசி, பருப்பு, உருளைக்கிழங்கு, எண்ணெய் வாங்கினோம். மே மாதம் ஊருக்கு ஸ்பெஷல் ரயில் விட்டபோது வழிச் செலவுக்கும் அதிலிருந்துதான் போனது. அந்தக் கவரிலிருந்து கொடுத்த ஒவ்வொன்றையும் நான் காணிக்கைக் கணக்கிலேயே எழுதினேன். ஆனால் இதை ஒரு பழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்வேன். நம்முடைய அவசரத்துக்கெல்லாம் கவரைத் திறந்தால் கடைசியில் அது வீட்டுச் சேமிப்பு உண்டியல் ஆகிவிடும். யாரிடமாவது கேட்டுவிட்டுச் செய்யுங்கள். உங்கள் மனசாட்சி மட்டும் சாட்சியாக இருக்க வேண்டாம்.

உபவாசக் கூட்டங்களில் உருகிப்போய்ப் பொருத்தனை பண்ணுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "நீ நேர்ந்துகொண்டதைச் செய்யாமற்போவதைப்பார்க்கிலும், நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம்" என்று பிரசங்கி சொல்கிறது. கண்ணீர் காய்ந்து ஒரு வாரம் போகட்டும். வீட்டுக்காரரிடமோ வீட்டுக்காரியிடமோ உட்கார்ந்து பேசுங்கள். இரண்டு பேர் உழைப்பில் வந்ததை ஒருவர் மட்டும் பலிபீடத்தில் வைக்க முடியாது. வட்டிக்கு வாங்கிக் காணிக்கை போடவே கூடாது. நமக்கு இல்லாததைத் தேவன் கேட்பதில்லை என்று பவுல் கொரிந்தியருக்குத் தெளிவாக எழுதியிருக்கிறார்.

கர்த்தர் என்ன கேட்கிறார் என்று எப்படித் தெரியும் என்றும் கேட்கிறார்கள். எனக்குச் சொப்பனமோ தரிசனமோ வந்ததில்லை. எங்கள் சந்தில் குழாய்த் தண்ணீர் விடிகாலையில் வரும். அதற்கு அரைமணி நேரம் முன்னால் எழுந்து, போனைத் தொடாமல், விட்ட இடத்திலிருந்து வேதத்தை வாசிப்பேன். வாசிக்கும்போது எந்த வசனத்தை வேகமாகத் தாண்டிப் போகத் தோன்றுகிறதோ அங்கே நின்றுவிடுவேன். கொழுந்தன் விஷயமும் காரிகர் கூலியும் அப்படி நின்ற இடங்கள்தான். இன்னும் சில இடங்களில் நின்றுகொண்டே இருக்கிறேன்.

ஞாயிறு மூடுவதைப் பற்றி நான் சொன்னதும் நர்ஸ்களும் ரயில்வேயில் இருப்பவர்களும் செக்யூரிட்டி வேலைக்காரர்களும் முகம் வாடிப் போவதைப் பார்க்கிறேன். எங்களுக்குக் கேட்டது உங்களுக்கும் அப்படியே பொருந்தும் என்பதில்லை. குழியில் விழுந்த ஆட்டை ஓய்வுநாளில் தூக்கிவிடுவதை நியாயம் என்றவர், ஐ.சி.யூ.வில் கிடக்கிறவனை ஞாயிறு காலை விட்டுவிட்டு வரச் சொல்வாரா? என் மகளே இப்போது ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். மாதத்தில் பல ஞாயிறு டூட்டி. அவளுக்குக் கேட்கப்பட்ட கீழ்ப்படிதல் வேறு. இரவு டூட்டியில் வேலை குவியும்போது, பார்க்காத பி.பி.யையும் சூட்டையும் போன மணி நேரத்து அளவைப் பார்த்து சார்ட்டில் எழுதிவிடச் சொல்லிப் பெரியவர்களே யோசனை தருவார்களாம். "அம்மா, நான் பாக்காததை எழுதமாட்டேன். லேட்டானா லேட்னு எழுதுவேன்" என்றாள். அதற்கு அவள் திட்டு வாங்குகிறாள். அவளுடைய அப்பாவின் துணி நோட்டு எனக்கு ஞாபகம் வந்தது. தீபாவளிக்கும் ஈத்துக்கும் தன்னோடு வேலை செய்கிறவர்களுக்காகத் தானே டூட்டி எடுத்துக்கொள்வாள். அதனால் புனித வெள்ளிக்கு அவளுக்கு மாற்றிக் கொடுக்க ஆள் கிடைத்துவிடுகிறது.

இந்த ஈஸ்டருக்கு அப்படிக் கிடைக்கவில்லை. முந்தின இரவு டூட்டி, அதிகாலை ஆராதனைக்கு வர முடியாது. தூங்கி எழுந்து சாயங்கால ஆராதனைக்கு வருகிறேன் என்றிருக்கிறாள். அதிகாலை ஆராதனையை நான் விட்டதே கிடையாது. இந்த வருஷம் அவளோடு சாயங்காலம் போகலாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.